‘இனி எங்க கையில ஒண்ணுமில்ல’ என்ற பிறகு

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பல குடும்பங்கள் எதிர்கொள்ளும் கேள்வி இது: “வென்டிலேட்டர் போடலாமா, இல்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?” உள்ளே படுத்திருப்பவர் எண்பதைத் தாண்டியவர். இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக நிமோனியா. கேள்வியை வாங்கிக்கொள்பவர் முந்தைய இரவு கண் மூடாத மகனோ மகளோ. பத்து நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். “போடுங்க” என்றால் கடனும் குழாய்களும். “கூட்டிட்டுப் போறோம்” என்றால் ஊர்ப்பேச்சு: சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு அப்பனைக் கைகழுவிவிட்டார்கள். எந்தப் பதிலைச் சொன்னாலும் உறுத்தல் மிஞ்சும்.

இந்தக் கேள்வியில் ஒரு குறை இருக்கிறது. வீட்டுக்கு அழைத்துப் போனபின் அங்கே என்ன செய்வது என்பது அதில் இல்லை. வலி வந்தால் எந்த மருந்து, மூச்சு முட்டினால் என்ன செய்வது, நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. இவற்றுக்கெல்லாம் பதில் வைத்திருக்கும் ஒரு மருத்துவத் துறை இருக்கிறது. பாலியேட்டிவ் கேர் என்பார்கள். தமிழில் ஆதரவு சிகிச்சை என்று சொல்லலாம். அதைப் பற்றி நம்மிடையே உலவும் எண்ணங்களில் பல தவறானவை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

இது புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டுமானது என்பது முதல் தவறு. அந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் உண்டு. சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கியபோது அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் புற்றுநோயாளிகள். செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்துவிட்டு, அதற்குப் பிறகு மருத்துவம் படித்தவர் அவர். உடல் நோவோடு பயமும் தனிமையும் பணக்கவலையும் ‘எனக்கு ஏன் இது’ என்ற கேள்வியும் சேர்ந்ததுதான் நோயாளியின் வலி என்பது அவருடைய பார்வை. இந்தியாவில் 1986இல் மும்பையில் தொடங்கிய சாந்தி அவேத்னா சதனும் புற்றுநோயாளிகளுக்கானதே. ஆனால் இன்றைய தேவை வேறு. உலகில் ஆண்டுதோறும் 5.68 கோடிப் பேருக்கு ஆதரவு சிகிச்சை தேவைப்படுகிறது, ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்கே கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனத்தின் கணக்கில், தேவைப்படும் பெரியவர்களில் புற்றுநோயாளிகள் 34 சதவீதம். இதய, ரத்தநாள நோயாளிகள் 38.5 சதவீதம். நுரையீரல் நோய், சிறுநீரகச் செயலிழப்பு, மறதி நோய், பக்கவாதம் என்று பட்டியல் நீளும். நம் வீடுகளில் முதியவர்கள் இறப்பது பெரும்பாலும் இந்த நோய்களில்தான்.

கடைசி வாரத்தில் மட்டும் தேடிப் போக வேண்டியது என்பது இரண்டாவது தவறு. 2010இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நோய் தெரிந்தவுடனேயே வழக்கமான சிகிச்சையோடு ஆதரவு சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய அன்றாட வாழ்வு மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது. கடைசிக் கட்டத்தில் கடும் சிகிச்சைகளைக் குறைவாகப் பெற்றும், மற்றவர்களைவிட இரண்டரை மாதத்துக்கும் மேல் கூடுதலாக உயிர் வாழ்ந்தார்கள். இதை எல்லா நோய்க்கும் நீட்டிச் சொல்ல முடியாது. ஆனாலும் வலியைக் குறைக்கப் போனால் ஆயுள் குறைந்துவிடும் என்ற அச்சத்துக்கு இது நல்ல மறுமொழி.

முதியவர்கள் விஷயத்தில் ‘எப்போது தொடங்குவது’ என்பது கொஞ்சம் சிக்கலானதுதான். புற்றுநோயில் கடைசிச் சில மாதங்களில் சரிவு தெளிவாகத் தெரியும். இதயச் செயலிழப்பும் நுரையீரல் நோயும் படிக்கட்டு இறங்குவதைப் போன்றவை: ஒரு முறை மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்வார், தேறி வருவார், ஆனால் பழைய படிக்குத் திரும்ப மாட்டார். எந்தப் படி கடைசி என்று மருத்துவராலும் சொல்ல முடியாது. மறதி நோயில் இறக்கம் ஆண்டுக்கணக்கில் நீளும். ஆகவே நாளைக் குறிக்க முயல்வதில் பயனில்லை. ‘இன்னும் ஓராண்டுக்குள் இவர் இறந்துபோனால் எனக்கு வியப்பாக இருக்குமா?’ என்று மருத்துவர் தன்னையே கேட்டுக்கொள்ளும் வழக்கம் இத்துறையில் உண்டு. ‘இருக்காது’ என்று தோன்றினால் பேச்சைத் தொடங்க அதுவே நேரம்.

தொடங்கியதும் நடக்கும் முதல் வேலை பல குடும்பங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்வார்கள். உள்ளே பத்துப் பன்னிரண்டு வகை இருக்கும். பத்தாண்டு கழித்து மாரடைப்பு வராமல் தடுக்கக் கொடுத்த கொழுப்பு மாத்திரை தொண்ணூறு வயதில் எதற்கு? சாப்பாடு பாதியாகக் குறைந்தவருக்கு அதே அளவு சர்க்கரை மருந்தைத் தொடர்ந்தால் சர்க்கரை சரேலென இறங்கி மயங்கி விழுவார். எதை நிறுத்துவது என்று பார்த்துச் சொல்வதும் வைத்தியம்தான். வீட்டார் தாங்களாகவே நிறுத்தக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது மார்ஃபின். இந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். “அது போதை மருந்தாச்சே” என்பார் ஒருவர். “அதைக் குடுத்தா முடிச்சுடுறாங்கன்னு அர்த்தம்” என்பார் இன்னொருவர். எலும்புக்குப் பரவிய புற்றுநோயோடு இரவெல்லாம் கத்தும் பெரியவருக்கு, காய்ச்சலுக்குக் கொடுக்கும் மாத்திரையே தரப்பட்டுக்கொண்டிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிமுறை எளிமையானது. லேசான வலிக்குச் சாதாரண மாத்திரை, அதற்கு அடங்காவிட்டால் மிதமான ஓபியாய்டு (அபின் வகை மருந்து), அதற்கும் அடங்காவிட்டால் மார்ஃபின். வாய்வழியாக, நேரம் தவறாமல், வலி திரும்ப வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம் வேலை செய்யும் என்பதால் அந்த இடைவெளியில் கொடுப்பார்கள். முதியவர்களுக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் எச்சரிக்கை. முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கும், பிறகு பழகிவிடும். பழகாமல் நிற்கும் ஒரே தொல்லை மலச்சிக்கல். அதனால் மார்ஃபினை எழுதும் கையே மலமிளக்கியையும் எழுத வேண்டும். இதை மறந்தால், வலி போய் வயிறு கல்லாகி, “இந்த மாத்திரையே வேண்டாம்” என்று பெரியவர் தூக்கிப் போட்டுவிடுவார். வலிக்காக முறையாகக் கண்காணித்துக் கொடுக்கும்போது அடிமையாவது அரிது. திடீரென நிறுத்தினால் உடல் தவிக்கும் என்பது உண்மை. அது வேறு, போதை தேடி அலைவது வேறு. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. நோய் முற்றி எதற்கும் அடங்காத மூச்சுத் திணறலுக்குக் கூடக் குறைந்த அளவு மார்ஃபின் நிம்மதி தரும். சரியான அளவில் அது மூச்சை நிறுத்துவதில்லை. மூச்சு முட்டும் பயத்தைக் குறைக்கிறது.

இவ்வளவு பயன் உள்ள மருந்து ஏன் கிடைக்காமல் போனது? நீமச்சிலும் காஸிப்பூரிலும் அரசே அபின் ஆலை நடத்தும் நாடு இது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச வயல்களில் உரிமம் பெற்றுக் கசகசாச் செடி பயிரிட்டு, உலகச் சந்தைக்கு அபினை ஏற்றுமதி செய்கிறோம். ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கடத்தல்காரரையும் மருத்துவரையும் ஒரே கண்ணால் பார்த்தது. மார்ஃபின் வாங்கி வைக்க ஒரு மருத்துவமனை நான்கைந்து உரிமங்களுக்காக வெவ்வேறு துறைகளின் படியேற வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். சின்ன எழுத்துப் பிழைக்குச் சிறை என்றால் எந்த மருந்துக் கடைக்காரர் துணிவார்? நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்து 1997இல் வெறும் 18 கிலோவுக்கு வந்தது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அந்த மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே படித்து முடித்தார்கள். கோழிக்கோட்டில் 1993இல் வலி நிவாரண அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால் உள்ளிட்டோர் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் வாங்கி வைக்கலாம் என்றானது. சட்டம் மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பயம் மாறவில்லை.

இனி சோறு. வீட்டில் அதிகமாகச் சண்டை வருவது இதில்தான்.

“ஒரு வாய் கூட எறங்கல. பட்டினி போட்டே கொன்னுடுவீங்களா?” என்று அத்தையோ சித்தப்பாவோ கேட்பார். சாப்பிடாததால் இறந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறோம். உண்மை தலைகீழானது: உடல் அடங்கிக்கொண்டு வருவதால் சாப்பாடு வேண்டாம் என்கிறது. கடைசிக் கட்டத்தில் பசியும் தாகமும் தாமாகவே குறைகின்றன. அந்த உடலுக்குள் நாம் திணிக்கும் கஞ்சியை அதனால் செரித்துக்கொள்ள முடியாது. பாட்டில் பாட்டிலாக ஏற்றும் குளுக்கோஸ் காலிலும் நெஞ்சிலும் நீராகத் தேங்கி மூச்சை இன்னும் அடைக்கலாம்.

மூக்கில் குழாய் போடலாமே என்பது அடுத்த யோசனை. பக்கவாதம் வந்து தேறிவருபவருக்குச் சில வாரம் குழாய் தேவைப்படலாம், அதில் தவறில்லை. முற்றிய மறதி நோய் வேறு. அவர்களுக்குக் குழாய்வழி உணவு ஆயுளைக் கூட்டுவதாகவோ, நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமே 2014இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கையால் மெல்ல ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது. குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று கிழவியின் இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டிவைத்திருக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஊட்டுவதில் முறை இருக்கிறது. நிமிர்த்தி உட்கார வைத்து, நல்ல விழிப்பில் இருக்கும்போது மட்டும், அரைக் கரண்டி கெட்டியான கூழ் அல்லது தயிர். விழுங்கியபின் அடுத்தது. தண்ணீராக இருப்பதுதான் எளிதில் புரையேறும். வேண்டாமென்று முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிட வேண்டும். நினைவு தப்பிய நிலையில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பால் ஊற்றும் வழக்கத்தை இங்கே சொல்லாமல் தீராது. பேரன் பேத்திகள் வரிசையாக நின்று ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றுவது விடைகொடுக்கும் சடங்கு. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் விழுங்கும் திறன் போனவருக்கு அது மூச்சுக்குழாயில்தான் போகும். சுத்தமான துணியையோ பஞ்சையோ பாலில் நனைத்து உதட்டில் ஒற்றினால் சடங்கும் நிறைவேறும், மூச்சும் திணறாது. காய்ந்த வாயை மணிக்கு ஒரு தடவை நனைத்துக் கொடுப்பதும் உதட்டுக்குக் கொஞ்சம் வெண்ணெய் தடவுவதும் அந்த நேரத்தில் ஒரு பாட்டில் குளுக்கோஸைவிட நிம்மதியான காரியம்.

கடைசி நாட்களின் அறிகுறிகளை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதி வீடுகளில் நள்ளிரவு ஆம்புலன்ஸ் வந்திருக்காது. தூக்கம் கூடும். கை கால் குளிர்ந்து தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறும். இறந்துபோன தம்பியோடு பேசுவார். அதை மறுத்து வாதிட வேண்டாம். மேல்மூச்சு வாங்கும், இடையிடையே நின்று மறுபடி வரும். தொண்டையில் கோழை கரகரக்கும். கேட்பவருக்கு நெஞ்சு பதறும் அந்தச் சத்தம், ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவரைப் பெரும்பாலும் வருத்துவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். அதற்கான ஊசியும் உண்டு. விழுங்க முடியாதபோது தோலுக்கடியில் சிறிய ஊசி ஒன்றைப் பொருத்தி, அதன் வழியே வீட்டிலேயே மருந்து கொடுக்கலாம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைப்பது, வந்த புண்ணில் நாற்றம் எடுத்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவது என்று இத்துறையின் கைவைத்தியங்கள் பல மலிவானவை. நாற்றம் போனால்தான் பேரப்பிள்ளைகள் கட்டிலருகே வருவார்கள்.

“அப்படின்னா இதுவும் கருணைக்கொலைதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. வேதனையைக் குறைப்பது ஆதரவு சிகிச்சை. அதற்கு எந்தக் காலத்திலும் தடை இருந்ததில்லை. மீட்க முடியாத நிலையில் செயற்கைச் சுவாசம் போன்றவற்றைத் தொடங்காமல் விடுவது அல்லது விலக்கிக்கொள்வது இரண்டாவது. ஊசி போட்டு உயிரை முடிப்பது மூன்றாவது. அது இந்தியாவில் குற்றம். இரண்டாவதைப் பற்றித்தான் உச்ச நீதிமன்றம் 2011இல் அருணா ஷான்பாக் வழக்கிலும் 2018 மார்ச்சில் காமன் காஸ் வழக்கிலும் பேசியது. கண்ணியத்தோடு இறப்பது வாழ்வுரிமையின் பகுதி என்றும், ‘எனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம்’ என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் 2018 தீர்ப்பு சொன்னது. ஆனால் அந்தத் தாளில் நீதித்துறை நடுவர் கையெழுத்திட வேண்டும் என்றிருந்ததால் யாராலும் பயன்படுத்த முடியவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். தெளிந்த மனதோடு, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். நம் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்பதையும் அதில் எழுதலாம். உயில் எழுதும் வீடுகளில் இதற்கும் ஒரு தாள் செலவழிக்கலாம். தாள் இல்லாவிட்டாலும் குடும்பத்தின் ஒப்புதலோடு, மருத்துவமனை அமைக்கும் முதல் மருத்துவக் குழுவும் இரண்டாம் மருத்துவக் குழுவும் பார்த்து முடிவெடுக்க வழியிருக்கிறது.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது தென் மாவட்டங்களின் தலைக்கூத்தலை மூடி மறைப்பதில் பயனில்லை. படுத்த படுக்கையான முதியவருக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடும் பழக்கம். பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ படம் அதைத்தான் பேசியது. கொலை கொலைதான். ஆனால் அது நடந்த வீடுகளைக் கொடியவர்களின் வீடுகள் என்று ஒதுக்கிவிட்டால் பாதிதான் புரியும். கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில், பீ மூத்திரம் எடுக்க ஆளில்லாமல், வலிக்கு மருந்தில்லாமல், மாதக்கணக்கில் ஓர் உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது அந்த எண்ணம் முளைக்கிறது. வாரம் ஒரு முறை ஒரு செவிலியர் படியேறி வரும் வீட்டில் அது முளைப்பது கடினம்.

அப்படிப் படியேறி வருவது நடக்கக்கூடியதுதான் என்று கேரளம் காட்டியது. மலப்புறம் மாவட்டத்தில் பீடிக்கடைக்காரரும் ஆசிரியரும் மாணவரும் தன்னார்வலர்களாகச் சேர்ந்து, உண்டியல் காசில் வீட்டுப் பராமரிப்பை நடத்தினார்கள். 2008இல் அந்த மாநிலம் இதற்கென்று கொள்கையே வகுத்தது. உள்ளாட்சி அமைப்புகளே செவிலியரை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு ஆதரவு சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் உண்டு. மாத்திரை வீட்டுக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கச் செவிலியர் வருவார் என்பது பலருக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துக் கேட்க வேண்டும், திரும்பவும் கேட்க வேண்டும். 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம் என்று 2021க்குக் கணிக்கப்பட்ட மாநிலம் இது. கேரளத்துக்கு அடுத்த இடம். இப்போதுள்ள செவிலியர்கள் எண்ணிக்கை இதற்குப் போதாது. மருத்துவக் காப்பீடோ பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தருகிறது. ஐசியூவுக்கு லட்சங்கள் கொடுக்கும் அட்டை, வீட்டுக்கு வரும் செவிலியருக்குச் சில நூறு ரூபாய் கொடுக்காது என்றால் குடும்பங்கள் எந்தப் பக்கம் சாயும்?

வீட்டில் இந்தப் பாரத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் மருமகளோ, கல்யாணமாகாத மகளோ, தானே எழுபதைக் கடந்த மனைவியோ. முடிவெடுப்பவர் வேறு ஆள்: வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வரும் மூத்த மகன். “நான் வர்ற வரைக்கும் எப்படியாவது வெச்சிருங்க” என்பார். இறந்தபின் காத்திருக்க ஐஸ் பெட்டி வந்துவிட்டது. இறக்கும் முன் காத்திருக்க வென்டிலேட்டரைப் பயன்படுத்துகிறோம். பெட்டிக்குள் இருப்பவருக்கு வலிக்காது என்பது வித்தியாசம். மகனின் தவிப்பு பொய்யில்லை. அவருக்கு ஆறு மாதம் முன்பே நிலைமையைச் சொல்லியிருந்தால், தகப்பன் பேசும் நிலையில் இருக்கும்போதே வந்து பத்து நாள் கூட இருந்துவிட்டுப் போயிருப்பார்.

சொல்லாமல் விடுவது பெரியவர் விஷயத்திலும் நடக்கிறது. “அவர்ட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்.” பெரும்பாலான பெரியவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பிள்ளைகள் அழக்கூடாதென்று அவர் நடிக்கிறார், அவர் உடைந்துவிடக் கூடாதென்று பிள்ளைகள் நடிக்கிறார்கள். எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. “உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்குப்பா?”, “எதுக்குப் பயப்படுறீங்க?”, “மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா போகலாமா, வேணாமா?” என்று கேட்டாலே போதும். பதில் பல சமயம் நாம் நினைத்ததாக இருக்காது. சாவைப் பற்றிய பயத்தைவிட, யாருக்கும் பாரமாகிவிடக் கூடாது என்பதும், கடைசியில் சொந்தத் திண்ணையில் ஒரு நாள் உட்கார வேண்டும் என்பதும் முன்னால் நிற்கும்.

வீட்டுக்கு அழைத்து வரும் குடும்பங்கள் டிஸ்சார்ஜ் தாளோடு சில விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்: வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் குழப்பத்துக்கும் தனித்தனியாக எந்த மருந்து, எவ்வளவு, இரவில் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண், வீட்டில் இறந்தால் இறப்புக்கான காரணத்தைச் சான்றளிக்கப்போகும் மருத்துவர் யார். கடைசி மணி நேரத்தில் பலர் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது பிழைக்க வைக்க அல்ல, ‘வீட்டில் செத்தால் போலீஸ் கேஸ் ஆகுமோ’ என்ற பயத்தில். நோய்வாய்ப்பட்டு இயல்பாக நேர்ந்த சாவு போலீஸ் விவகாரம் இல்லை. பார்த்துவந்த மருத்துவர் சான்று தந்தால், கிராமமானால் கிராம நிர்வாக அலுவலரிடமும் நகரமானால் அந்த உள்ளாட்சி அலுவலகத்திலும் 21 நாட்களுக்குள் பதிந்துகொள்ளலாம்.